முதுமையின் சுவை

யப்பானின் தென்கோடித் தீவுகளான ஒக்கினாவாவில் வடிக்கப்படும் அரிசிச் சாராயத்திற்கு அவமோரி என்று பெயர். மூன்றாண்டுக்குக் குறையாது முதிர்ந்தால் அது ‘கூசு’ எனப்படும். சிறு கிண்ணத்திற் துளித்துளியாகப் பருகுவோர்க்கு முதலில் எட்டுவது வனிலாவின் வாசம். அதனை எவரும் கலப்பதில்லை. தாய்லாந்து அரிசியைக் கரும்பூஞ்சணம் கொண்டு நொதிக்கவைக்கையில் அதன் கலச்சுவரிலிருந்து விடுபடும் பொருளொன்று, வடித்தலின் வெப்பத்தில் உருமாறி, ஆண்டுகள் செல்லச் செல்ல வனிலினாகிறது. மதுசாரம் 40 சதவீதத்தைத் தாண்டினும் நாவைச் சுடுவதில்லை.

முதிய சாடியை வெறுமனே பூட்டிவைத்துக் காப்பதில்லை. அதிலிருந்து எடுத்த அளவை அதற்கடுத்த வயதுச் சாடியிலிருந்து நிரப்புவர். அதன் குறையை அதனினும் இளையது தீர்க்கும். ஆகவே கூசின் பழமையிற் பாதி காலத்தின் கொடை. மறுபாதி, தலைமுறைதோறும் சலியாது செய்யப்பட்ட வேலை.

ஷூரி நகரில் 100, 200 ஆண்டுகள் முதிர்ந்த சாடிகள் இருந்தன. 1945 ஆம் ஆண்டின் போர் அவற்றிற் பெரும்பாலானவற்றை அழித்தது. எண்ணற்ற உயிர்கள் மாண்டவிடத்திற் சாடிகளுக்கு இரங்குவதா எனக் கேட்கலாம். அவற்றை நிரப்பி வந்தோரும் அம்மக்களே.

போருக்கு முன்னர் சகாகுச்சி கின்இச்சிரோ என்னும் அறிஞர் சேகரித்த கரும்பூஞ்சணம் தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் பிழைத்திருந்தது. 1998 இல் அது கண்டறியப்பட, ஷூரியின் வடிசாலையொன்று அதனை மீண்டும் அரிசியில் இட்டது. பூஞ்சணம் பழையதே. அதிலிருந்து பிறந்த சாராயத்திற்கோ இன்னும் முப்பது வயதாகவில்லை.