தகிட... மசூர்காவும் காவடிச் சிந்தும்

பங்குனி மாதம் மரக்காணம் உப்பளங்களில் வேலை மும்முரமாக இருக்கும். அதே பங்குனியில்தான் உத்திரமும் வரும். திண்டிவனம் தாண்டி மயிலம் முருகனுக்குக் காவடிகள் புறப்படும். காவடி ஆட்டத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அங்கே தாளம் போடுவது கை அல்ல, கால். 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக ஓடும் நடை.

இதே மூன்றை வைத்துக்கொண்டு போலந்துக்காரர் ஒருவர் பியானோவில் என்ன செய்தார் என்று பார்க்கலாமா?

பிரெடரிக் ஷோபான் 1810-ல் வார்சா அருகே பிறந்தவர். 1824-ல், 14 வயதில், கோடை விடுமுறைக்கு சஃபார்னியா என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே குடியானவர்களின் பாட்டையும் ஆட்டத்தையும் நேரில் கேட்டார், பார்த்தார். மசூர், குயாவியாக், ஓபெரெக் என்று அந்த ஆட்டங்களுக்குப் பெயர். எல்லாமே மூன்றடி. 1830 நவம்பரில் ஊரைவிட்டுக் கிளம்பினார். அந்த மாதமே வார்சாவில் ரஷ்ய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தது, அடுத்த ஆண்டு நசுக்கப்பட்டது. ஷோபான் பாரிஸில் தங்கிவிட்டார். 1849-ல் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை. ஆனால் மசூர்கா எழுதுவதை நிறுத்தவும் இல்லை. மொத்தம் 50-க்கும் மேல்!

மசூர்காவில் என்ன விசேஷம்? நமக்கு 'தகிட'வில் 'த' மேல் அடி விழுந்தால் பழக்கம். மசூர்காவில் அழுத்தம் 'கி' மேலோ 'ட' மேலோ சாயும். ஷோபான் வாசிக்கும்போது அந்த இடத்தில் சற்றுத் தங்குவாராம். சார்லஸ் ஹாலே என்ற இசைக்கலைஞர் எண்ணிப் பார்த்து, "நீங்கள் வாசிப்பது மூன்றல்ல, நான்கு" என்றிருக்கிறார். ஷோபான் முதலில் மறுத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, அது தன் நாட்டின் குணம் என்றார் :-) ஓபஸ் 56-ன் இரண்டாம் மசூர்காவில் இடது கை ச-ப போல இரண்டு சுரங்களை விடாமல் பிடித்திருக்கும். தம்புரா பழகிய காதுக்கு அது அந்நியமே இல்லை.

நம் பக்கம் இதற்கு ஜோடி சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். 1865-ல் பிறந்து 1891-ல் மறைந்தவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது வழிநடையில் பாடியவை அவருடைய காவடிச் சிந்துகள் என்று சொல்வார்கள். காலுக்கான நடை இலக்கியமானது, பிறகு கச்சேரி மேடையும் ஏறியது.

இரண்டிலும் ஒரே கேள்வி. ஆடுவதற்குப் பிறந்த தாளத்தை உட்கார்ந்து கேட்டால் அது செத்துவிடுமா? ஷோபான் தன் மசூர்காக்களை யாரும் ஆடுவதற்காக எழுதவில்லை. திரும்பிப் போக முடியாத ஊரின் கால்களை அவர் விரல்களில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். மேடைக்கு வந்ததால் ஆட்டம் சாகவில்லை. ஆடுகிற கால்களை ஒருமுறைகூடப் பார்க்காமல் 'ரசித்தேன்' என்று சொல்லும்போதுதான் ஏதோ குறைகிறது.

பாரிஸில் இருந்த ஷோபானுக்கு அந்த வழி அடைபட்டுக் கிடந்தது. நமக்கு அப்படி இல்லை. காவடி இன்னும் நடந்துதான் போகிறது. அடுத்த பங்குனியில் வழியில் காவடி வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஹாரன் அடிக்காமல் கால்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். இரவு வீட்டுக்குப் போய் ஒரு மசூர்காவைக் கேளுங்கள்.