இடுப்பு அறுவைக்குப் பின் ஆறாத காயம்

தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து உலோகப் பந்து பொருத்தப்பட்ட முதியவரின் காயம், அறுவை முடிந்து ஒரு வாரம் கடந்தும் கட்டை நனைத்துக்கொண்டிருந்தால், அதை மேலோட்டமான கசிவு என்று கருதி நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை எழுதிக் கொடுப்பது பெருந்தீங்கில் முடியும் பழக்கமாகும். மாத்திரை தோலின் சிவப்பைத் தணிக்கிறது. உள்ளே உலோகத்தைப் பற்றிக்கொண்ட கிருமிகளோ, பெரும்பாலும் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் இனத்தவை, தம்மைச் சுற்றி உயிர்ப்படலம் எனப்படும் வழவழப்பான உறையைச் சுரந்துகொள்கின்றன. சில வாரங்களில் அது முதிர்ந்துவிட்டால், மருந்தால் மட்டும் அதை அழிக்க இயலாது.

முதுமையில் நோய்க்குறிகள் அடங்கியே தென்படும். காய்ச்சல் வராமலே போகலாம். முந்தைய நாள் வாக்கரைப் பிடித்து நின்றவர் எழ மறுப்பதும், சோற்றை ஒதுக்குவதும், இரவில் பிதற்றுவதுமே முதல் அறிகுறிகளாக அமைவதுண்டு. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதம் அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு இறங்குவது இயல்பு. இறங்கியது மீண்டும் ஏறினால், சிறுநீரையும் நெஞ்சையும் சோதிப்பதோடு காயத்தையும் ஐயுற வேண்டும்.

காயத்தின் வாயைப் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுக்கும் மாதிரி தோலில் வாழும் கிருமிகளையே காட்டக்கூடும் என்பதால், அறுவை அரங்கில் காயத்தைத் திறந்து, ஒவ்வொரு துண்டுக்கும் வெவ்வேறு கருவியைக் கொண்டு, ஆழத்திலிருந்து ஐந்து திசுத்துண்டுகளேனும் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் இரண்டில் ஒரே கிருமி வளர்ந்தால் தொற்று உறுதியாகிறது. நோயாளி நச்சுக்குருதி நிலைக்குச் செல்லாதவரை, இம்மாதிரிகளை எடுக்கும்வரை நுண்ணுயிர்க்கொல்லியை நிறுத்திவைப்பதே முறை. பின்னர் செத்த திசுவை வெட்டி நீக்கி, லிட்டர் கணக்கில் உப்புநீரால் கழுவி, கழற்றக்கூடிய பந்தை மாற்றினால், எலும்பினுள் பந்தைத் தாங்கும் தண்டு உறுதியாக இருக்கும்பட்சத்தில் அதைக் காப்பாற்ற வாய்ப்புண்டு; வாரங்கள் கடக்கக் கடக்க அவ்வாய்ப்பு சுருங்குகிறது.

ஸ்டெபைலோகாக்கஸ் தொற்றில் ரிஃபாம்பிசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்ப்பதன் பயனை 1998இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. அதைத் தனித்துக் கொடுத்தால் கிருமி விரைவில் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும். ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரினின் வலிமையையும் அது குறைத்துவிடும் என்பதால், முதியவரின் மருந்துப் பட்டியல் முழுவதையும் பார்க்காமல் அதைத் தொடங்கலாகாது.

எல்லாம் தவறினால் உலோகத்தை அகற்றி மூட்டை வெறுமையாக விடும் கெர்டில்ஸ்டோன் அறுவை எஞ்சுகிறது. கால் குட்டையாகி, கோல் ஊன்றாமல் நடக்க இயலாது போனாலும், உயிரையும் வலியையும் எண்ணுகையில் அது சிலருக்குச் சரியான தீர்வே. பலரை அந்நிலைக்குத் தள்ளாமல் காக்கலாம். அதற்கு, கசியும் காயத்தை முதலில் காணும் மருத்துவரும் குடும்பத்தாரும் மாத்திரையைத் தொடங்குமுன், அறுவை செய்த குழுவிடம் நோயாளியை அன்றே திருப்பி அனுப்ப வேண்டும்.