என் வீட்டை யாரோ வாடகைக்கு விட்டார்கள்

2024 மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ராத்திரி ஏழரை மணி இருக்கும். மதுரையில் சாப்பிட உட்கார்ந்தேன். கொடைக்கானலிலிருந்து எங்கள் வாட்ச்மேன் போன் செய்தார்.

"சார், வீட்டுக்கு ஆளு வந்திருக்காங்க. மூணு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருக்காங்களாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

நான் யாருக்கும் விடவில்லை. நாயுடுபுரத்தில் உள்ள அந்த வீட்டை வாடகைக்கு விடுவதையே நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வந்தவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ஈரோட்டுக்காரர். மனைவி, வயதான அம்மா, இரண்டு குழந்தைகள். இணையத்தில் படத்தைப் பார்த்து, அதிலிருந்த எண்ணில் பேசி, முதல் நாளே 14,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். வாங்கியவன் தன் பெயர் என்று சொன்னது என் பெயரை! அந்த மாதம் 7-ஆம் தேதிதான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்திருந்தது. தங்கும் இடம் என்று என் வீட்டையே போட்டு பாஸ் எடுத்திருந்தார்கள்.

"ஏனுங்க, பணத்த வாங்கிப்போட்டு இப்ப இல்லீன்னா எப்படிங்க?" என்றார்.

முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் வேலை பார்த்தவன். என்னை ஒருவர் திருடன் என்று நினைத்தது அதுதான் முதல் தடவை.

2021 ஊரடங்கில் நாங்கள் மேலே போக முடியாதிருந்தபோது பின்பக்க ஜன்னலை உடைத்து கேஸ் சிலிண்டர், பித்தளைக் குழாய்கள் எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு கம்பி போட்டேன், பூட்டை மாற்றினேன், வாட்ச்மேன் வைத்தேன். ஆனால் வாடகைக்கு விட்ட காலத்தில் என் மகன் எடுத்து இணையத்தில் போட்ட படங்கள் அப்படியே கிடந்தன. அவற்றை எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"சீசன்ல இந்நேரத்துக்கு எங்க ரூம் கிடைக்கும்? குழந்தைங்க குளிர்ல நிக்குது, திறந்து விடச் சொல்லுங்க" என்றாள் மனைவி. எனக்குத் தயக்கம். இதுவே உள்ளே நுழைய ஒரு தந்திரமாக இருந்தால்? இ-பாஸையும் கார் நம்பரையும் வாட்ச்மேனைச் சரிபார்க்கச் சொன்னேன். அவர் பணம் அனுப்பியதைக் காட்டும் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். அதில் இருந்த பெயர் வேறு யாருடையதோ. இரண்டு அறைகளைத் திறந்துவிடச் சொன்னேன்.

சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்கு அவர் எங்கள் வராந்தாவிலிருந்தே பேசினார். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். ஒரு நாள் ஏற்கெனவே போயிருந்தது. பணம் திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை நானும் மேலே போய் போலீசில் எழுதிக்கொடுத்தேன். என் பெயரைச் சொல்லி நடந்த மோசடி, நான் பேசாமல் இருந்தால் என் தலையில்தான் விடியும்.

இப்போது செய்பவை இவை. பழைய படங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். மாதம் ஒரு தடவை வீட்டின் படத்தை வைத்து இணையத்தில் தேடிப் பார்க்கிறேன், எங்காவது தென்பட்டால் அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்புகிறேன். "இந்த வீடு வாடகைக்கு இல்லை. யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள்" என்று கேட்டில் போர்டு மாட்டியாகிவிட்டது. அது வந்து நிற்பவருக்குத்தான் தெரியும், பணம் அனுப்பும்போது தெரியாது. ஆகவே வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் ஒன்று: வீட்டுக்குள் நின்று வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

வாசலில் சருகு சேராமல் தினமும் கூட்டச் சொல்லியிருக்கிறேன். ராத்திரியில் வராந்தா விளக்கு எரிகிறது. பக்கத்து வீடுகளில் என் நம்பர் இருக்கிறது. மலையில் ஆளில்லாத வீட்டைச் சருகே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த ஈரோட்டுக்காரர் கிளம்பும்போது வாடகை தருகிறேன் என்றார். வாங்கவில்லை. "உங்களைத் தப்பா பேசிப்போட்டேனுங்க" என்றார். அவர் என்ன செய்வார், பாவம். அவர் பார்த்த படத்தில் இருந்தது என் வீடுதானே.