பதிமூணு மணி நேரம்தானே என்று நினைத்தோம்



போன வாரம் அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்போ ஒரு அக்கா கேட்டாங்க, "மகன் லண்டன்ல இருக்கான். ஒரு அவசரம்னா எவ்வளவு நேரத்துல வந்து சேருவான்?" அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

எங்க அம்மா தவறியது ஒரு ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடைசித் தம்பி லண்டனில். "இன்னைக்கு ராத்திரி 9.30 விமானம் கிடைச்சிருச்சு, 13 மணி நேரம்"னு செய்தி அனுப்பினான். நாங்கள் விரல் விட்டு எண்ணினோம். சனிக்கிழமை காலை 10.30க்கு இறங்குவான், அங்கிருந்து ஈப்போ மூணு மணி நேரம். மாலை 4 மணிக்குத் தகனம் என்று மின்சுடலையில் பதிஞ்சு, புலனத்திலும் அறிவிச்சோம்.

தொழிற்சாலையில் ஷிப்ட் அட்டவணை போட்டே பழகினவங்க நாங்க. ஆனாலும் 9.30 என்பது லண்டன் நேரம்னு தோணவே இல்லை. இங்கே அப்போ சனிக்கிழமை விடியற்காலை 4.30. அதோட 13 கூட்டினா மாலை 5.30. நாலு மணிக்கு மேல் "ஏறிட்டேன்"னு அவன் அனுப்பினதைக்கூட யாரும் பார்க்கலை.

மதியம் 12 மணிக்கு அக்கா மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்தான். விமானம் பாதி வழியைத் தாண்டி கொஞ்ச தூரம்தான் வந்திருந்தது. மின்சுடலையில் அடுத்த நேரம் மறுநாள்தான். சொந்தபந்தம் எல்லாம் வந்தாச்சு, இன்னொரு ராத்திரி வைக்க வேண்டாம்னு பெரியவங்க சொன்னாங்க. நாங்களும் தலையாட்டினோம்.

தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்கணும். அன்னைக்கு வச்சது பெரியவர்.

தம்பி வீட்டுக்குள் நுழையும்போது இரவு 10 மணி. எங்களைத் திட்டலை. "அம்மாவுக்கு எந்தச் சேலை கட்டினீங்க?"ன்னு மட்டும் கேட்டான். மறுநாள் காலை சாம்பலை அவன் கையால் எடுக்க வச்சோம். அதுதான் எங்களால் முடிஞ்சது.

அதனால் சொல்றோம், குறிச்சு வச்சுக்குங்க. கோலாலம்பூருக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் சுமார் 10,600 கிலோமீட்டர். இங்கிருந்து போக ஏறக்குறைய 14 மணி நேரம், அங்கிருந்து வர 13. மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிப்பதால் வரும்போது வேகம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம், இறங்கும் நேரம் நம்ம ஊர் நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் 8. குடிநுழைவு, பெட்டி, சாலை எல்லாம் இதுக்கு மேல்.

கணக்கு வரலைன்னா பரவாயில்லை. "நம்ம ஊர் நேரப்படி எத்தனை மணிக்கு இறங்குவே?" இந்த ஒரு கேள்வி போதும். இப்போ துக்க வீட்டுக்கு உதவிக்குப் போனா, தகன நேரம் குறிக்கும் முன் நாங்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குச் சொல்லி வையுங்கள்.