எனக்கல்லாத விளம்பரங்கள்

வேதாரண்யம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இலங்கை வானொலி பக்கத்து வீட்டுக் குரல். உப்புநீரின் மேல் மத்திய அலை அதிகம் தேயாமல் வரும். திருச்சி கரகரத்த நாளிலும் கொழும்பு கணீரென்று கேட்டது. அதில் கேட்ட பாட்டுகள் இன்றும் தேடினால் கிடைக்கின்றன. இந்த டொராண்டோ குளிரில், நினைத்த மாத்திரத்தில், துல்லியமாக. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வந்த விளம்பரங்கள்தாம் இல்லை.

கொழும்பு 1950-லேயே வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. இந்திய வானொலியின் விவித் பாரதி விளம்பரம் வாங்க ஆரம்பித்தது 1967-இல். யார் எப்போது ரேடியோ பக்கத்தில் இருப்பார்கள் என்று அந்த விளம்பரக்காரர்களுக்குத் தெரியும். பல்பொடிக்குப் பிள்ளைகளின் கோரஸ், வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில். பட்டுச்சேலைக்கு நாதஸ்வரம், கேட்டதும் கல்யாண வீடு கண்முன் வந்துவிடும். உரத்துக்கு வரப்பில் நின்று இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள், பின்னால் உறுமி. சின்ன ஸ்பீக்கரில் அடிநாதம் எடுபடாது என்பதால் மணியும் புல்லாங்குழலும் மேல்ஸ்தாயிக் குரலும். இருபது, முப்பது வினாடிக்குள் பொருளின் பெயர் மூன்று தடவையாவது வந்தாக வேண்டும்.

ஆள் பார்த்துச் செய்தார்கள், சரி. ஆனால் வீட்டுக்கு ஒரு ரேடியோதானே? முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே அம்மா உர விளம்பரத்தை முணுமுணுப்பாள். அப்பா சவரம் செய்கையில் சேலைக்கடைப் பாட்டு. வாயில் ஒரு பல்கூட இல்லாத அப்பாயி, வெற்றிலை இடித்தபடி, பல்பொடிப் பாட்டைப் பிள்ளைகளின் குரலிலேயே பாடுவாள், உலக்கை தாளம் தப்பாது.

சினிமா விளம்பரமென்றால் இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா. மூச்சு விடாமல், மின்னல் வேகத்தில், ஒரு சொல்லும் சிதையாமல். அவரைக் கொன்றுவிட்டார்கள். கடைத்தெருவில் நின்று அந்தக் குரலைக் கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர் இருக்கிறீர்களோ. மற்றக் குரல்களுக்குப் பெயர்கூட இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் 'ரோஜா'வுக்கு முன்னால் செய்த விளம்பர இசையைப் பற்றியாவது பேசுகிறோம். அந்தப் பல்பொடிக்குப் பாடிய பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

இப்போதும் பாட்டுக்கு நடுவே விளம்பரம் வருகிறது. என் வயது, என் தெரு, நேற்று நான் தேடிய குளிர்காலச் செருப்பு, எல்லாம் அறிந்த விளம்பரம். என் காதுக்கு மட்டும். பக்கத்து அறையில் மகளின் காதில் வேறு ஏதோ ஓடுகிறது. அவளிடம் எதை விற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் எதையும் முணுமுணுப்பதும் இல்லை.

பல்பொடிப் பாட்டின் இரண்டாவது அடி மறந்துவிட்டது. மெட்டு இருக்கிறது, சொல் வரவில்லை. அப்பாயியைக் கேட்க முடியாது. அந்தக் கரையிலோ இந்தக் கரையிலோ அதைக் கேட்டு வளர்ந்தவர் யாராவது இருந்தால், ஒரு தடவை பாடிக் காட்டுங்கள்.