வி.எல்.சி. மேல் போட்ட பழி

எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் சத்தத்துக்கு மேலே இளையராஜா கேட்டால்தான் ஒன்றரை ஷிப்ட் நகரும். பாட்டு ஓடுவது என் ஆபீஸ் கம்ப்யூட்டரில், வி.எல்.சி. ப்ளேயரில்.

2022 மே. நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூரே இரண்டு நாள் அடைத்துக் கிடந்த மாதம். இருக்கிற எரிச்சல் போதாதென்று திரையின் வலது மூலையில் பெட்டி பெட்டியாக முளைக்க ஆரம்பித்தது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்', 'ரம்மி ஆட வாருங்கள்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டிங்'. அது ஸ்பீக்கர் வழியாகத் தையல் ஹால் முழுக்கக் கேட்கும். பாட்டுக்கு நடுவே வந்ததால் பழியை ப்ளேயர் மேல் போட்டேன். 1996-ல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது, விளம்பரமே போடாதது என்பதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். யாரையாவது திட்டியாக வேண்டியிருந்தது.

ப்ளேயரை அழித்தேன். அன்று சாயங்காலம் பாட்டில்லாத ஹாலில் 'டிங்' மட்டும் தனியாகக் கேட்டது. செத்துப்போனவன் மேலேயே அடுத்த திருட்டுக் கேசையும் எழுதுகிற ஏட்டையா மாதிரி, 'முழுசாக அழியவில்லை போல' என்று முடிவு கட்டினேன்.

புதிதாக இறக்கலாம் என்றால் வி.எல்.சி.யின் சொந்தத் தளமான வீடியோலேன் திறக்கவே இல்லை. பிப்ரவரியிலிருந்தே இந்தியாவில் அதை முடக்கியிருந்தார்கள். வக்கீல் நோட்டீஸெல்லாம் போய் நவம்பரில்தான் தடை விலகியது. எனக்கு அத்தனை பொறுமை ஏது? தேடியதில் ஏதோ ஒரு தளம் அகப்பட்டது. அதே ஆரஞ்சுக் கூம்புப் படம். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். ப்ளேயரோடு என்னென்னவோ சேர்ந்து ஏறி, பிரவுசரின் முகமே மாறிப்போனது.

சர்வீஸ் தம்பி வந்தார். ப்ளேயர் பக்கமே போகவில்லை. பிரவுசர் செட்டிங்ஸில் 'நோட்டிபிகேஷன்ஸ்' என்ற இடத்தைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல். மேலே ஐ.பி.எல். ஸ்கோர் பார்த்த தளம். கீழே பாட்டு இறக்கிய தளம். அப்புறம் வாயில் நுழையாத சில பெயர்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். உள்ளே போகும்போதெல்லாம் ஒரு பெட்டி வந்து 'அலோ'வா என்று கேட்டிருக்கும். அது தொலைந்தால் போதுமென்று அமுக்கியது இந்த விரல்தான்.

"இதைய மட்டும் எடுத்துட்டிருந்தா முடிஞ்சிருக்குங்கண்ணா. இப்ப நீங்க ஏத்துனதுக்குத்தான் ஃபார்மட் அடிக்கோணும். ஃபைலெல்லாம் டி டிரைவ்லதானுங்க?"

இன்னொரு தடவை அசடு வழிய மனசில்லை. தலையாட்டிவிட்டேன்.

ரிப்பீட் ஆர்டருக்காகத் திருத்தி வைத்த மெஷர்மென்ட் சார்ட் டெஸ்க்டாப்பில் கிடந்தது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. பையிங் ஆபீஸில் கேட்டால் மானம் போகும். ஞாயிற்றுக்கிழமை பேட்டன் மாஸ்டரைக் கூப்பிட்டு, கையிலிருந்த பழைய சாம்பிளை மேஜையில் விரித்தேன். தோள், செஸ்ட், நெக் டிராப் என்று அவர் இஞ்ச் டேப்பில் அளந்து சொல்ல, நான் எழுதினேன். பாதியில் நிறுத்தி, துணியைத் தடவிப் பார்த்தார்.

"இது வாஷ் பண்ணின பீஸா, பண்ணாததா சார்?"

துவைத்தால் காட்டன் சுருங்கும். எந்த அளவு எதற்கு என்பது சார்ட்டில்தான் இருந்தது. "கேட்டுச் சொல்றேன் மாஸ்டர்" என்று பையிங் ஆபீஸ் நம்பரைத் தேடினேன்.