மூணாறு பாடத்திட்டத்தில் இல்லை

அரசியல் தொடர்பியல் வகுப்பில் ஒபாமாவின் 2008 பிரச்சாரத்தை விழுந்து விழுந்து நடத்துகிறார்கள். நடத்தட்டும். தேவிகுளம் மலைக்காரியான எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் 2015 செப்டம்பர்தான்.

போனஸ் 10 சதவீதமாகக் குறைந்ததும், தேயிலைக் கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு டவுனில் வந்து உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்பது அவர்கள் இயக்கத்தின் பெயர். பேச்சாளர் பட்டியலும் கிடையாது, கட்சிக்கொடியும் கிடையாது. முழக்கம் தமிழில், எதிரே நின்ற கேமராக்களோ மலையாளச் சேனல்களுடையவை. ஆனாலும் கேரளம் முழுக்கப் புரிந்தது. அதுவரை தங்களுக்காகப் பேசிய தொழிற்சங்கத் தலைவர்களை விரட்டியதுதான் அவர்கள் சொன்ன பெரிய செய்தி என்பேன். ஆனால் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது தங்களோடு உட்காரவிட்டார்கள்.

ஒன்பது நாளில், கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்கக் கேட்டதற்குப் பின்னால் வந்தது 301தான். சேனல்கள் சில முகங்களைத் தலைவிகளாக்கின, பிறகு பிளவு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்பது என் சந்தேகம்.

ஆய்வேட்டுக்கு இதையே எடுக்கிறேன். அந்த நாட்களின் கைப்பேசி வீடியோ, பத்திரிகை நறுக்கு எதுவும் வைத்திருப்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.